நூற்றைந்தை எழுதும் வகை

ஆறேழு வயதுக் குழந்தை ஒன்றிடம், "நூற்றைந்து என்று எழுது" எனக் கூறினால், அது பெரும்பாலும் 1005 என்று எழுதிவிடும். நூறு என்றால் ஒன்றும் இரண்டு பூச்சியமும். ஐந்து என்றால் ஐந்து. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாயிற்று. பதுளை, பசறை, லுணுகலை, ஹாலி-எல, ஹப்புத்தளை என ஊவாவின் எந்தப் பகுதித் தோட்டப் பாடசாலையிலாயினும் கீழ்வகுப்புகளுக்குக் கற்பித்த ஆசிரியர் இப்பிழையைக் காணாதிருந்திருக்க முடியாது. உலகின் பிற பாகங்களிலும் குழந்தைகள் இவ்வாறே எழுதுகின்றனர். கொப்பியில் சிவப்பு மையினால் ஒரு குறுக்குக் கோடு விழும். அக்கோடு விழுவதற்கு முன்னர் குழந்தையின் சார்பில் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். ஏனெனில் அது எழுதியது நம் முன்னோர் எண்ணெழுதிய முறையேயாகும்.

பழந்தமிழ் எண் வரிசையில் ஒன்று முதல் ஒன்பது வரை ஒன்பது குறிகள் இருந்தன. அவற்றோடு பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி. முந்நூற்று நாற்பத்தைந்து என்பதை மூன்று, நூறு, நான்கு, பத்து, ஐந்து என்று வாயால் சொல்லும் ஒழுங்கிலேயே எழுதினர். பேச்சில் காட்ட இயலாததை அச்சில் காட்டலாம்: ௩௱௪௰௫. நூற்றைந்து என்பது ௱௫. நூறு வந்தது, ஐந்து வந்தது. நடுவே பத்து இல்லை, ஆகவே அங்கு எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. இல்லாத ஒன்றுக்கு ஓர் அடையாளம் இட வேண்டும் என்னும் நிர்ப்பந்தம் அம்முறையில் எழவில்லை. நம் குழந்தையும் காதால் கேட்டதைக் கேட்டவாறே எழுதுகிறது. முன்னோரிடம் நூறுக்குத் தனிக் குறி இருந்தது. குழந்தையிடம் இருப்பது 100 என்னும் வடிவம். வேறுபாடு அவ்வளவே.

இதில் தமிழர் தனித்து நிற்கவில்லை. பழைய சிங்கள இலக்கங்களிலும் பத்து, இருபது, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் உண்டு, பூச்சியம் இல்லை. 1815 ஆம் ஆண்டு கண்டி உடன்படிக்கையின் உறுப்புரைகளுக்கு இலக்கமிட்டதும் அக்குறிகளினாலேயே. எனவே ஊவா மலைகளுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்தபோது, அங்கிருந்த கிராமத்தவரும் வந்து சேர்ந்தவரும் தத்தம் பரம்பரையில் பூச்சியமின்றிக் கணக்கெழுதிப் பழகியவர்களாயிருந்தனர்.

இத்தனைக்கும் பூச்சியம் தோன்றியது நமக்கு அயலிலேதான். பிரமகுப்தர் 628 ஆம் ஆண்டிலேயே பூச்சியத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதி வகுத்தார். குவாலியர்க் கல்வெட்டில் 876 ஆம் ஆண்டு பொறித்த 270 என்னும் எண்ணில் அதன் வட்ட வடிவம் தெளிவாகத் தெரிகிறது. இத்தாலியரான பிபொனாச்சி 1202 இல் நூல் எழுதி ஐரோப்பிய வணிகருக்கு இம்முறையை விளக்கினார். அதன் பின்னரும் அவர்கள் ரோம இலக்கங்களை எளிதில் விட்டுவிடவில்லை. வளர்ந்த வணிகருக்கே தலைமுறைகள் பல தேவைப்பட்ட ஒரு கருத்தை நாம் முதலாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்குள் ஒரு குழந்தையிடம் எதிர்பார்க்கிறோம்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியின் கணிதம் வேறு திசையில் வலிமை பெற்றிருந்தது. அங்கு பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்னும் வாய்பாடுகளை உரக்க ஓதி மனனம் செய்தனர். கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை பின்னங்கள் நாவில் நின்றன. நெல்லை அளப்பதற்கும், கூலியைப் பகிர்வதற்கும், நிலத்தைக் குழிக் கணக்கில் கூறுவதற்கும் வேண்டிய கணிதம் அது. மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னையில் இம்மணல் எழுத்தைக் கண்ட அந்திரு பெல் என்னும் பாதிரியார், மாணாக்கரைக்கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறை ஒன்றை அமைத்து, 1797 இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ஓராசிரியர் ஐந்து வகுப்புகளைக் கட்டிக்காக்கும் தோட்டப் பாடசாலைக்கு இச்செய்தி இன்றும் அந்நியமானதன்று.

கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பினர். ஆகவே பிள்ளைகளின் படிப்பு பற்றிய கேள்வி பெரிதாக எழவில்லை. 1869 இல் ஊவாவின் மடுல்சீமையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைநோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. பின்னர் வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கைகள் தேவை. குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன, குழந்தைகள் பிறந்தனர்.

இதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. 1872 இல் இலங்கை, ரூபாவை நூறு சதமாக வகுத்தது. இந்தியாவிலோ ரூபாய்க்குப் பதினாறு அணா என்னும் கணக்கு 1957 வரை நீடித்தது. பதினாறில் ஒன்று மாகாணி, எட்டில் ஒன்று அரைக்கால். ஆகவே திருச்சிராப்பள்ளியிலோ புதுக்கோட்டையிலோ எண்சுவடி ஓதியவனுக்கு அணாக் கணக்கு தண்ணீர்பட்ட பாடு. அவனே பதுளைக்கு வந்து அரைக்கால் ரூபாவை எண்ணினால் பன்னிரண்டரைச் சதம். மாகாணி ரூபாவோ ஆறேகால் சதம். பரம்பரையாக வந்த கணிதம் நூறு என்னும் பாறையில் மோதி உடைந்தது. எண்பத்தைந்து ஆண்டுக் காலம் அக்கரையில் ஒரு கணக்கும் இக்கரையில் ஒரு கணக்குமாக இம்மக்கள் வாழ்ந்தனர்.

கணக்குத் தெரியாமையின் விலை சிறிதன்று. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டம் செல்ல விரும்பும் தொழிலாளிக்குத் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். இன்ன தொகை செலுத்தினால் இவனை விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். தன் விடுதலையின் விலை எத்தனை இலக்கம் கொண்டது என்று அதை ஏந்திச் சென்றவனால் வாசிக்க இயலாதிருந்தது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டது.

செக்றோல் நிலைத்தது. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929 இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டின் உயர்ந்த பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நாட்கூலி அமைந்தது. ஒருவன் மாதத்தில் இருபத்தாறு பேர் போட்டால் எவ்வளவு? 1404 சதம், பதினான்கு ரூபா நான்கு சதம். இதைப் புள்ளியிட்டு எழுதுமாறு ஒரு குழந்தையிடம் கூறுங்கள். காதில் விழுந்தபடி 14.4 என எழுதும். அதை வாசிப்பவர் பதினான்கு ரூபா நாற்பது சதம் என்று கொள்ளக்கூடும். 14.04 என்பதிலுள்ள பூச்சியம் முப்பத்தாறு சதத்துக்குக் காவல் நிற்கிறது. முப்பத்தாறு சதம் என்றால் ஓர் ஆணின் நாட்கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. இடப்பெறுமானம் என்பது நம் தோட்டங்களில் வெறும் பாடவிடயமாக என்றும் இருந்ததில்லை.

அந்த அறிவைக் கொடுக்கப் பாடசாலை இருந்ததா? 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிசன் சில தோட்டங்களில் பள்ளி நடத்தியது. வேறு சிலவற்றில் லயத்து விறாந்தையில் எழுத்தறிந்த ஒருவர் பாடஞ் சொன்னார். 1907 ஆம் ஆண்டு கிராமப் பாடசாலைகள் சட்டமும், பின்னர் 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தின. பத்து வயதைத் தாண்டினால் 32 சதம் காத்திருந்தது. எழுத்து, வாசிப்பு, நாற்கணக்கு எல்லாம் அந்த நான்கு ஆண்டுகளுக்குள் அடங்க வேண்டும். அதுவும் ஓர் அறையில், ஓர் ஆசிரியரிடம். வாய்பாட்டை உரக்க ஓதச் செய்வதே அவருக்கு எளிதான வழி. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் ஓதுதல், ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதைத் தருமேயன்றி, ஐம்பத்தாறில் உள்ள ஐந்து ஏன் ஐம்பது என்பதைத் தராது.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதன் ஓரத்திலேயே நின்றன. 1960 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் இவை விடுபட்டன. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 முதற்கொண்டே இவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின.  பலனோ மெதுவாகவே மலையேறியது. புகையிரதம் 1924 இலேயே பதுளையை அடைந்துவிட்டதை எண்ணும்போது அம்மெதுவான நடை நன்கு விளங்கும்.

இனி, வகுப்பறைக்குள் வருவோம். தமிழ்க் குழந்தைக்கு ஒரு பேறு உண்டு. இருபத்து மூன்று என்னும் சொல்லிலேயே இரு பத்தும் மூன்றும் வெளிப்படையாக நிற்கின்றன. ஆங்கிலக் குழந்தைக்குப் பதினொன்று, பன்னிரண்டு ஆகியவற்றின் பெயர்களில் பத்து புலப்படுவதில்லை. ஆயின் ஒன்பதில் நம் மொழி குழந்தையைச் சோதிக்கிறது. எண்பதை அடுத்து வருவது தொண்ணூறு. அதனுள்ளே நூறு ஒலிக்கிறது. எண்ணூற்றை அடுத்தது தொள்ளாயிரம். அதனுள்ளே ஆயிரம் ஒலிக்கிறது. தொல்காப்பியரே இவற்றின் புணர்ச்சிக்குத் தனி விதி கூற நேர்ந்ததென்றால், இரண்டாம் வகுப்புப் பிள்ளை தடுமாறுவதில் வியப்பென்ன? இவ்விரு சொற்களையும் வரிசையில் ஓதவிட்டு நகர்ந்துவிடாமல், பத்துப் பத்தாகக் கட்டிய ஒன்பது ஈர்க்குக் கட்டுகளைக் கையில் கொடுத்து, இதற்குத் தொண்ணூறு என்று பெயர் எனச் சொல்வதே தக்கது. கட்டு முன்னே வரட்டும். சொல் பின்னே வரட்டும். இலக்கம் அதற்கும் பின்னே வரட்டும்.

நூற்றைந்துக்கு வேறோர் உபாயம் உண்டு. தடித்த அட்டையில் மூன்று இலக்க அகலத்தில் 100 என்று எழுதுக. ஓர் இலக்க அகலத்தில் 5 என்று மற்றோர் அட்டை. சிறிய அட்டையைப் பெரியதன் வலது ஓரத்தில் பொருந்த வைத்தால் கடைசிப் பூச்சியம் மறைந்து ஐந்து தோன்றும். நடுப் பூச்சியம் மறையாமல் நிற்கும். நூறு அழியவில்லை, ஐந்தின் அடியில் இருக்கிறது என்பதைப் பிள்ளை அட்டையைத் தூக்கிப் பார்த்துத் தானே கண்டுகொள்ளும். செலவு ஏதுமில்லை. மூத்த பிள்ளைகளைக்கொண்டே அட்டைகளை வெட்டுவிக்கலாம். சட்டாம்பிள்ளைக்கு ஒரு வேலையும் கிடைத்துவிடும்.

அண்மைக் காலச் செய்தி ஒன்றையும் பாடமாக்கலாம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்னும் கோரிக்கை பல ஆண்டுகள் தோட்டங்களெங்கும் ஒலித்தது. 2021 மார்ச் மாதத்தில் சம்பளச் சபை வாயிலாக அது வர்த்தமானியில் இடம்பெற்றது. அடிப்படை தொள்ளாயிரம், அதன்மேல் நூறு. அதற்குப் பின்னர் சம்பளம் உயர்ந்துள்ளதாயினும், கணக்கு என்ற அளவில் இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. ஒன்பது நூற்றுக் கட்டுகளை மேசைமீது வரிசையாக அடுக்கி, பத்தாவது கட்டை ஒரு பிள்ளையிடம் கொடுத்து வைக்கச் செய்க. பத்தையும் சேர்த்து ஒரே கயிற்றால் கட்டியபின், கரும்பலகையில் நூறினிடத்தில் என்ன எழுதுவது என்று வகுப்பைக் கேட்கலாம்.