அங்கதமும் நக்கலும்

முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் ஆளைக் குத்தும் பேச்சுக்கு ஏட்டில் அங்கதம் என்று பெயர்; ஊரில் நக்கல். முதலாவதைப் பாடமாக வைத்துப் போற்றுகிறோம். இரண்டாவதை வாய்க்கொழுப்பு என்று ஒதுக்குகிறோம். இந்த ஏற்றத்தாழ்வு நியாயமில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாக வகுக்கிறது. வெளிப்படையாக வைதால் செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். நக்கலுக்கு இலக்கணம் இல்லையென்றாலும் வேர் உண்டு. ‘புகு’ என்பது புக்கான் ஆவதுபோல ‘நகு’ என்பது நக்கான் ஆகும். நக்கல் அந்த வழியில் வந்த சொல்.

பழிகரப்புக்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் பார்க்கலாம். அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவர் அதைப் புகழ்கிறார்: இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. உன் படை போரே பார்க்காதது என்ற செய்தி புகழ்ச்சிக்குள் இருக்கிறது.

அதே அதியமான் வென்றதாக ஔவையார் பாடிய கோவலூர், இன்றைய திருக்கோவிலூர். அதற்கு அருகில் உள்ளது கண்டாச்சிபுரம். இந்த விழுப்புரம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் தெருக்கூத்து உண்டு. திரைக்குப் பின்னால் துரியோதனன் சலங்கை குலுங்க நிற்பான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஒன்றும் தெரியாதவன்போல, “யாருங்க நீங்க? எந்த ஊரு?” என்பான். ராஜா அத்தினாபுரம் என்று முழங்கினால், “அதுக்குக் கண்டாச்சிபுரத்துல எந்த பஸ் ஏறணும்?” என்ற தோரணையில் அடுத்த கேள்வி வரும். மகுடத்தின் மிடுக்கு அங்கேயே பாதி இறங்கிவிடும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குச் சொல்லும் நான்கு நிலைக்களன்களில் எள்ளலும் உண்டு, பேதைமையும் உண்டு. ஔவையார் எள்ளலைப் புகழ்ச்சியால் மூடினார். கட்டியங்காரன் பேதைமையால் மூடுகிறான். இருவருமே பழியைக் கரந்தவர்கள். வேறுபாடு கேட்பவரில் இருக்கிறது. தூதுமொழி ஓர் அரசனுக்கானது. அவன் யோசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கூத்து நக்கல் ஊருக்கே உரியது. பாயில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் உடனே விளங்க வேண்டும். அது எளிய வித்தை அல்ல.

ஔவையாரின் பாட்டைத் தொகுத்து வைத்தார்கள், நமக்குக் கிடைத்தது. கட்டியங்காரனின் பேச்சோ ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு மாறுவது. ஆடுகிறவர்கள் இருக்கும்போதே அதைப் பதிவு செய்து, அங்கதம் படிக்கும் வகுப்பில் அதையும் பாடமாக வைக்க வேண்டும்.