தீக்கனாவும் இன்றுயிலும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில், எண்சுவைக்கு உரியன அல்லாத மெய்ப்பாடுகள் எனப் பிறிதொரு 32 எண்ணப்பெறுகின்றன. உடைமை, இன்புறல் எனத் தொடங்கும் அவ்வரிசையில் துஞ்சல், அரற்று, கனவு என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. அரற்று என்பதற்கு உறக்கத்தின்கண் நேரும் வாய்ச்சோர்வு எனப் பொருள் கொண்ட உரையாளரும் உளர். அப்பொருளையே கொள்ளின், உறங்குதல், உறக்கத்தில் வாய்விட்டுப் புலம்புதல், கனாக் காணுதல் என ஓர் இரவின் துன்ப நிகழ்ச்சியே வரிசையாக அமைந்துவிட்டது எனலாம். களவொழுக்கத்து மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்தும் கண்துயில் மறுத்தலும் கனவொடு மயங்கலும் இணைந்தே வருகின்றன. துயிலைக் கெடுப்பது கனவு. கனவைக் கலக்குவது துயிலின்மை. இவ்விரண்டின் உறவைப் பண்டை இலக்கண நூலார் உடற்குறியாகவே கண்டிருந்தனர்.

ஆயினும் தமிழாய்வு பெரிதும் போற்றியது இனிய கனவையே. திருக்குறளின் 122ஆம் அதிகாரமாகிய கனவுநிலை உரைத்தல், ஆண்டாள் கண்ட திருமணக் கனவு ஆகியன பற்றி எழுந்த கட்டுரைகள் மிகப் பல. நள்ளிரவில் அலறி எழுந்து, மீண்டும் கண்மூட அஞ்சி விளக்கைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்போரைப் பற்றி இலக்கியம் கூறுவதை ஒருங்கு தொகுத்து நோக்குதல் அரிதாகவே உள்ளது.

அத்தகையோருள் முதலில் நினைக்கத்தக்கவள் கண்ணகி. கனாத்திறம் உரைத்த காதையில் அவள் தன் தோழி தேவந்தியிடம் கனவைக் கூறுகின்றாள். கணவன் கைப்பற்றி அழைத்துச் செல்ல, பெருநகர் ஒன்றினுள் புகுந்ததையும், ஆங்குத் தமக்குப் பொருந்தாத பழி ஒன்றை ஊரார் தம்மேல் ஏற்றியதையும், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது எனக் கேட்டுக் காவலன்முன் தான் வழக்குரைத்ததையும் சொல்கின்றாள். அரசனுக்கும் ஊருக்கும் உற்ற தீங்கும் ஒன்று உண்டு. அதனை மட்டும் உரையாள். கணவனோடு தான் அடைந்த நற்பேற்றைக் கேட்டால் உனக்கு நகையாகும் என்று சொல்லி அமைகின்றாள். கனவின் நடுப்பகுதியைக் கூறி, அச்சம் மிக்க பகுதியையும் நம்புதற்கரிய பகுதியையும் உள்ளே அடக்கிக்கொண்ட இந்த உரைமுறை பெரிதும் நோக்கத்தக்கது. தீக்கனாக் கண்டோர் இன்றும் இவ்வாறே பேசுகின்றனர்.

தேவந்தியின் அன்பில் குறையில்லை. அவளது மறுமொழியில்தான் குறை உள்ளது. கண்ணகி கண்ட பழியையோ வழக்கையோ பற்றி அவள் ஒன்றும் வினவினாள் அல்லள். முற்பிறப்பில் கணவன் பொருட்டுச் செய்யவேண்டிய நோன்பு ஒன்றைத் தவறவிட்டாய் என்று காரணம் கூறுகின்றாள். காவிரி கடலொடு கலக்கும் துறையருகே சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுமாறு வழியும் கூறுகின்றாள். அஃது எமக்குப் பெருமை தருவதன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகின்றாள். அம்மறுப்பைக் கற்பின் திண்மையாக விளக்குவது வழக்கம். கனவைக் கூறிய பெண்ணுக்குக் கிடைத்தது குற்றச்சாட்டு ஒன்றும் பரிகாரம் ஒன்றும் என்பதையும், அவள் வேண்டியது அவ்விரண்டுமன்று என்பதையும் அதனோடு சேர்த்துக் காணுதல் தகும்.

சிலம்பில் தீக்கனாக் கண்டோர் மூவர். மதுரைப் புறஞ்சேரியில் கோவலன் மாடலனிடம் தன் கனவைச் சொல்கின்றான். கோப்பெருந்தேவி தோழியிடம் கூறிப் பின்னர் மன்னனிடம் செல்கின்றாள். மூவர்க்கும் கேட்பார் இருந்தனர். கேட்டோர் எவராலும் எதனையும் தடுக்க இயலவில்லை.

சீவக சிந்தாமணியில் விசயையின் கனவு இதனினும் நுட்பமானது. அசோகமரம் வீழக் கண்டாள். அதன் அடியிலிருந்து முளை எழுந்து எட்டு மாலைகளுடன் வளரவும் கண்டாள். சச்சந்தன் முளையை மகன் என்றும், மாலைகளை அம்மகன் மணக்கவிருக்கும் மகளிர் என்றும் விளக்கி, வீழ்ந்த மரத்தைப் பற்றி வாய்திறவாது விடுகின்றான். அவளோ அதனையே கேட்கின்றாள். தனக்கு வரும் இடையூற்றை அவன் குறிப்பிட்ட அளவில் அவள் மயங்கி வீழ்கின்றாள். பின்னர் அவன் செய்தது ஒன்றுண்டு: மயிற்பொறி அமைக்கச் செய்தான். கருவுற்ற விசயை பகைவரிடமிருந்து தப்பியது அப்பொறியாலேயே. கனவுக்கு விடையாகக் கைத்தொழில் ஒன்றைத் தந்த கணவன் அவன் ஒருவனே போலும்!

இத்தகைய நம்பிக்கைகளை வகைப்படுத்த எழுந்தது பொன்னவன் இயற்றிய கனாநூல். எப்பொருளைக் கனவிற் கண்டால் என்ன பயன் என்பதோடு, இரவின் எந்தச் சாமத்துக் கண்ட கனவு எத்துணைக் காலத்துள் பலிக்கும் என்பதையும் அந்நூல் வரையறுக்கின்றது. முதற் சாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும். இடைச் சாமங்களின் கனவு சில திங்களில். கடைச் சாமத்துக் கனவோ பத்து நாளில். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று வீடுதோறும் வழங்கும் பேச்சு இம்மரபினதே. அதன் விளைவு எளியதன்று. ஓரிரவுத் துன்பமாகக் கழிந்திருக்க வேண்டியது பத்து நாள் துன்பமாக நீள்கின்றது. அப்பத்து நாளும் அஞ்சி உறங்குவோர்க்கு மீண்டும் அத்தகைய கனவே வருதல் இயல்பு.

கடைச் சாமத்துக்குத் தனியிடம் தந்ததில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. 1953இல் சிகாகோப் பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவர், உறக்கத்தின் ஒரு நிலையில் மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசைவதையும், அந்நிலையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவைக் கூறுவதையும் வெளியிட்டனர். அந்நிலை இரவின் பிற்பகுதியிலேயே நீண்டு நிகழும். விடியற்காலைக் கனவு தெளிவாக நினைவில் நிற்பது அதனாலேயன்றிப் பலிக்கவிருப்பதனால் அன்று. குழந்தைகள் முன்னிரவில் திடுக்கிட்டு அலறுவது வேறு. அஃது ஆழ்ந்த உறக்கத்தில் நிகழ்வது, காலையில் குழந்தைக்கு நினைவிருப்பதில்லை. விழித்தும் கைகால் அசையாது, மார்பின்மேல் ஏதோ அமர்ந்து அழுத்துவதாகத் தோன்றும் நிலையும் வேறு. அதனை அமுக்குவான் பேய் என்றனர் முன்னோர். கனவுநிலையின் உடற்கட்டு விழிப்பினுள்ளும் சிறிதுநேரம் நீடிப்பதே அதற்குக் காரணம்.

துயிலுக்குரிய நெறிகளையும் தமிழர் எழுதிவைத்தனர். பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை, படுக்குங்கால் கைகூப்பித் தெய்வம் தொழுதலையும், வடக்கிலும் கோணத்திசைகளிலும் தலைவைத்தலைத் தவிர்த்தலையும், உடலைப் போர்த்துக்கொள்ளுதலையும் கூறுகின்றது. தேரையர் பகல்துயிலை விலக்கி, இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்கின்றார். மக்கள் வழக்கோ இன்னும் விரிந்தது. தலையணையின்கீழ் இரும்புத்துண்டும் வேப்பிலையும், நெற்றியில் திருநீறும், பள்ளிவாசல் வாயிலில் ஓதி ஊதப்பெறும் நீரும், தேவராய சுவாமிகளின் கந்த சட்டி கவசமும் அஞ்சிய உள்ளங்களுக்குத் துணையாயின. அக்கவசம் உடலுறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காக்குமாறு வேண்டுவது. படுக்கையில் கிடந்தபடி அதனைச் சொல்பவர் மனம் தலைமுதல் கால்வரை மெல்ல இறங்கிவருகின்றது. இன்றைய மருத்துவர் உடல்தளர்ச்சிப் பயிற்சி என ஏறத்தாழ இதனையொத்த ஒன்றையே கற்பிக்கின்றனர். தாலாட்டும் நீலாம்பரியும் செய்யும் பணியைக் கவிஞர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

எனினும் வன்கொடுமைக்கு ஆளானோர்க்கும், போரினும் விபத்தினும் தப்பியோர்க்கும் ஒரே கனவு இரவுதோறும் திரும்பி வருகின்றது. வேப்பிலை அதற்குப் போதாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், பாலியல் வன்முறைக்கு ஆளாகித் தீக்கனாவால் வருந்திய 168 மகளிரிடையே நிகழ்ந்த ஆய்வொன்று 2001இல் வெளிவந்தது. பாரி கிராக்கோ என்னும் மருத்துவரும் உடனுழைத்தோரும் அதில் ஆராய்ந்த முறை எளியது: வந்த கனவை விழித்திருக்கையில் எடுத்துக்கொண்டு, தாம் விரும்பியவாறு அதனை மாற்றியமைத்து, மாற்றிய கனவைப் பகலில் நாள்தோறும் சிறிது நேரம் மனத்துள் ஒத்திகை பார்த்தல். அதனைக் கற்ற மகளிர்க்குத் தீக்கனாக்கள் குறைந்தன, உறக்கமும் சீர்பட்டது. கனவின் பொருளை எவரும் அவர்க்கு உரைக்கவில்லை. கனவு அவர்தம் கையிலேயே தரப்பட்டது. புனைவோர்க்குரிய தொழில் இங்கு மருந்தாயிற்று.

கம்பர் இதற்கு நெருங்கிய ஓரிடம் வரை சென்றிருக்கின்றார். அசோகவனத்தில் திரிசடை சீதையை நோக்கி, நீ துயில்வதில்லை, ஆதலின் உனக்குக் கனவு தோன்றவில்லை என்று கூறி, தான் கண்டதை உரைக்கின்றாள். எண்ணெய் பூசிய இராவணன், கழுதையும் பேயும் பூட்டிய தேரில் தென்திசை செல்கின்றான். இறுதியில், அடுக்குவிளக்கு ஏந்திய செந்நிறப் பெண் ஒருத்தி அவன் மனையை விட்டு வீடணன் மனை புகுகின்றாள். அவள் புகுந்த அவ்வேளையில் நீ என்னை எழுப்பிவிட்டாய், கனவு முடியவில்லை என்கின்றாள் திரிசடை. பல நாள் உறங்காத சீதை, தாயே, எஞ்சியதையும் காண், இன்னும் துயில்வாயாக என அவளை நோக்கி இருகையும் கூப்புகின்றாள்.