நீருக்கு இடம் விட்ட ஊர்கள்

நிலத்தை அளந்து மனிதன் வேலி கட்டிய நாள்முதல், நீருக்குரிய நிலம் எது என்னும் வழக்கும் உடன் பிறந்துவிட்டது. மழையில் நிறைந்து கோடையில் தரை காட்டும் சதுப்பு நிலத்தைப் பயனற்ற பாழ் என்றே உலகம் நெடுங்காலம் மதிப்பிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ‘பேக் பே’ என்னும் பெரும்பகுதி, 19ஆம் நூற்றாண்டில் கடலோரச் சேற்று நிலத்தைத் தூர்த்து எழுப்பப்பட்டதே. அதே பாஸ்டனைத் தலைநகராகக் கொண்ட மாசச்சூசெட்ஸ் மாநிலம், பின்னாளில் ஈரநிலத்தைக் காக்கும் சட்டங்களுக்கு முன்னோடியாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1957இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், ஒவ்வோர் ஊரும் தனக்கென ஓர் இயற்கைக் காப்புக் குழுவை அமைத்துக்கொள்ள வழி செய்தது. 1963இல் கடலோரச் சதுப்புகளுக்கும், 1965இல் உள்நாட்டு ஈரநிலங்களுக்கும் காப்புச் சட்டங்கள் பிறந்தன. 1972இல் அவை ஒன்றாக இணைக்கப்பட்டு, அனுமதி வழங்கும் பொறுப்பு ஊர்க்குழுவின் கையில் வந்தது. மூவர் முதல் எழுவர் வரை கொண்ட சிறு குழு அது.

அதன் நடைமுறை எளியது. ஈரநிலத்திலோ, அதன் விளிம்பிலிருந்து 100 அடிக்குள்ளோ தோண்டவும் தூர்க்கவும் கட்டவும் விரும்புவோர் முதலில் குழுவுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். 21 நாட்களுக்குள் பொது விசாரணை நடைபெறும். அண்டை நிலத்தாரும் வந்து பேசலாம். அதன்பின் குழு நிபந்தனைகளுடன் இசைவளிக்கும், அன்றேல் மறுக்கும்.

என் நிலத்தில் நான் செய்வதை ஊர் தடுப்பதா என்னும் கேள்வி எழாமல் இருக்குமா? கேப் காட் பகுதியிலுள்ள டென்னிஸ் என்னும் ஊர், மாநிலச் சட்டத்தினும் கடுமையான விதியைத் தானே வகுத்துக்கொண்டது. ஈரநிலத்தின் குறுக்கே சாலை அமைக்க அனுமதி மறுக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். 1979இல் மாநில உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கமே நின்றது. மாநிலச் சட்டம் வகுப்பது குறைந்த அளவுப் பாதுகாப்பையே. அதற்கு மேல் செல்ல ஊர்களுக்கு உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

சதுப்பு நிலம் பாழன்று என்பதற்கு சார்லஸ் ஆறு சான்று பகர்கிறது. வெள்ளத்தைத் தடுக்கப் புதிய அணைகளைக் கட்டுவதைவிட, மேற்பகுதியில் நீர் தங்கும் சதுப்புகளை அப்படியே விட்டுவைப்பதே சிக்கனம் எனப் படைப் பொறியாளர்கள் கண்டனர். 1977 முதல் 1983 வரை ஏறத்தாழ 8,100 ஏக்கர் இவ்வாறு காப்புக்குக் கொண்டுவரப்பட்டது.

ஓடையைச் சாலை கடக்கும் இடமும் இவ்விதிகளுக்கு உட்பட்டதே. சாலைக்கடியில் ஒடுங்கிய குழாயைப் பதித்துவிட்டால் நீர் சீறிப் பாய்ந்து மறுபுறம் மண்ணை அரிக்கும். மீன் மேலேற முடியாது. மரமும் சருகும் அடைத்துக்கொண்டால் வெள்ளம் சாலையையே கொண்டுபோகும். எனவே 2004இல் உருவான நெறிமுறைகள், கரைதொட்டு ஓடும் நீரின் அகலத்தைப் போல் 1.2 மடங்கு அகலமும் இயற்கையான ஓடைத்தரையும் வேண்டும் என்றன. 2011இல் ஐரீன் புயல் வெள்ளம் அண்டை மாநிலமான வெர்மான்டில் நூற்றுக்கணக்கான குழாய்ப்பாலங்களைச் சிதைத்தபோது, இடம் விட்டுக் கட்டுவதன் பொருள் யாவர்க்கும் புலனாயிற்று.

2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பால், ஆற்றோடும் ஏரியோடும் தொடர்ச்சியாக மேற்பரப்பில் இணையாத ஈரநிலங்கள் கூட்டாட்சிச் சட்டத்தின் காப்பை இழந்தன. மாநிலமும் ஊரும் முன்னரே கட்டிய வேலி எத்தகைய அரண் என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தனர்.

ஊர்க்குழுவில் அமர்வது எளிய பணியன்று. நாளை கடைத்தெருவில் எதிர்ப்படப்போகும் அண்டை வீட்டாரிடம், இன்று இயலாது எனக் கூற நேரும். எனினும் அனுமதிச் சீட்டு என்பது உரிமையாளரை இழிவுபடுத்துவதன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. மேல்மடையில் ஒருவன் மண் கொட்டுமுன், கடைமடையில் வாழ்பவனையும் ஒரு சொல் கேட்டுக்கொள்வதே அதன் பொருள். நீர் வாய் திறந்து வழக்குரைப்பதில்லை. அதன்பொருட்டு ஊர்தான் பேச வேண்டியிருக்கிறது.