சிவப்பு ஐ.சி.யின் கதை

2018 ஜூலையில் மலேசிய அரசாங்கம் ஓர் அறிவிப்பு செய்தது. சிவப்பு அடையாள அட்டை (ஐ.சி.) வைத்திருக்கும் இந்தியர்களில் அறுபது வயதை எட்டிய 3,407 பேருக்குக் குடியுரிமை கிடைக்கும் என்பது சேதி. பத்திரிகைகள் அந்த எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டன. யோசித்துப் பார்த்தால் எண்ணிக்கையைவிட வயதுதான் ஆளைத் திகைக்க வைக்கும். 2018-இல் அறுபது என்றால் 1958 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். மலாயா விடுதலை பெற்றது 1957 ஆகஸ்ட் 31. ஏறக்குறைய நாட்டின் வயதுதான் இவர்களுக்கும். பலர் நாட்டுக்கு மூத்தவர்கள். அறுபது வருடம் அங்கேயே பால்மரம் வெட்டி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்தவர்களை ‘நிரந்தரவாசி’ என்ற பெயரில் வாசலிலேயே உட்கார வைத்திருந்தது சட்டம்.

மலேசியாவில் அட்டையின் நிறம் ஆளின் நிலையைச் சொல்லிவிடும். நீல அட்டை குடிமகனுக்கு, சிவப்பு நிரந்தரவாசிக்கு, பச்சை தற்காலிகவாசிக்கு. சிவப்பு ஐ.சி.க்காரர் எத்தனை தேர்தலைப் பார்த்திருந்தாலும் வாக்களிக்க முடியாது. மலேசியக் கடப்பிதழ் கிடையாது. அரசாங்க வேலையை நினைத்துப் பார்க்க வேண்டாம்.

இவர்களுடைய பெற்றோர் கள்ளத்தோணியில் வந்தவர்கள் இல்லை. அரசாங்கமே ஏற்பாடு செய்து, கப்பல் கட்டணம் கொடுத்து அழைத்து வந்தவர்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டே தொடங்கினார்கள். ஆள் வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு தோட்டமும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூலியாட்களைக் கொண்டுவருவார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்த பிறகு கங்காணிகளின் ராஜ்யம் நடந்தது. உரிமம் பெற்ற கங்காணி தன் ஊருக்குப் போய், உறவையும் சாதிசனத்தையும் திரட்டி, நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அங்கிருந்து கப்பல். தான் கொண்டுவந்தவர்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு.

கிள்ளான் ஆற்று முகத்தில் 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம்தான் சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு வாசல். (1972-இல்தான் அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர் வந்தது.) 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் ஒரு தலைமுறைக்கு மேல் இந்தத் தடத்தில் ஓடியது. வந்து இறங்கியவர்கள் நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் கிடந்துவிட்டுத் தோட்டத்து லயத்துக்குப் போவார்கள். இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் அதிகாரம்தான் என்பதால் கடப்பிதழ், விசா என்ற பேச்சே எழவில்லை. பேர் இருந்த இடம் தோட்ட எழுத்தரான கிராணியின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு. தொழிலாளியின் பெட்டியில் தங்கிய காகிதம் மிகக் குறைவு. அன்றைக்கு அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவும் இல்லை.

வரவழைப்பது எத்தனை எளிதோ, அனுப்பிவைப்பதும் அத்தனை எளிதாக இருந்தது. ரப்பர் விலை சரிந்த 1930-களின் பெருமந்தத்தில் பல்லாயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடி கங்காணிகள் கிளம்பினார்கள். 1936-இன் இறுதியில் இந்திய அரசின் சார்பில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையைப் பார்த்துவிட்டுக் கங்காணி முறையையே நிறுத்தச் சொல்லி அறிக்கை கொடுத்தார். 1938-இல் தோட்ட முதலாளிகள் ஆண் கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தபோது இந்திய அரசு அந்த ஜூன் மாதமே உதவிப் பயணத்தில் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. அந்த வாசல் பிறகு திறக்கவே இல்லை.

கிள்ளான் வட்டாரத்துக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1941-இல் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை நடத்திய ஆர்.எச். நாதன், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தவர். அவர் பின்னால் திரண்ட தோட்டத் தொழிலாளர்கள் சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் இனி வேண்டாம் என்றார்கள். மே மாதம் நாதன் கைதானார். தோட்டங்கள் கொதித்தன. சிலாங்கூரில் அவசரநிலை, துருப்புகள், துப்பாக்கிச் சூடு, சாவு. நாதனை வழக்காடித் தண்டிக்கவில்லை. கப்பலேற்றி இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பேச்சுக்குப் பதில் கப்பல் டிக்கெட் என்ற வழி காலனி அரசுக்கு எப்போதும் கைவசம் இருந்தது.

பிறகு ஜப்பானியர் வந்தார்கள். அவர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களில் யாருக்குப் பிறப்புப் பத்திரத்தைப் பற்றி நினைக்க நேரம் இருந்திருக்கும்?

போர் முடிந்த பின் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1947 கணக்கெடுப்பில் கூட்டரசுப் பகுதிகளில் இந்தியர் சுமார் 5,30,000 பேர். 1948 பிப்ரவரி 1-இல் நடப்புக்கு வந்த மலாயாக் கூட்டரசு உடன்பாடு, வெளியில் பிறந்தவர் குடியுரிமை கேட்க வேண்டுமானால் முந்தைய இருபது ஆண்டில் பதினைந்து ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்கவும் வேண்டும். மூன்று வருடம் வேலை, ஒரு முறை ஊர் என்று போய்வந்துகொண்டிருந்த தோட்டத் தொழிலாளிக்கு இது எட்டாத கணக்கு. 1953 ஆகஸ்ட் 1 முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் இந்தியர்களுக்கும் கதவைச் சாத்தியது. இனித் தொழில் தெரிந்தவர்கள், நல்ல சம்பளத்துக்கு ஒப்பந்தம் உள்ளவர்கள், இங்கிருப்பவர்களின் மனைவி மக்கள் போன்றவர்கள்தான் உள்ளே வரலாம். ஊருக்குப் போகிறவர் திரும்பி வர மறுநுழைவு அனுமதி எடுக்க வேண்டும். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று தந்தி பார்த்து ஓடியவர்கள் எத்தனை பேர் அதை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்பது அவரவர் ஊகத்துக்கு.

1957 அரசியலமைப்பு தாராளமாகவே நடந்துகொண்டது. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மெர்டேக்கா (விடுதலை) நாள் முதல் இந்த மண்ணில் பிறக்கும் குழந்தை தானாகவே குடிமகன். அதற்கு முன் இங்கே பிறந்த பெரியவர்கள், கடைசி ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு வாழ்ந்திருந்தால் பதிந்துகொள்ளலாம். வெளியில் பிறந்து இங்கே வாழ்ந்தவருக்குப் பன்னிரண்டு ஆண்டில் எட்டு. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்விலும் சலுகை இருந்தது.  வி.தி. சம்பந்தன் தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரசும் (ம.இ.கா.), பி.பி. நாராயணனின் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் செயல்பட்ட காலம் அது.

ஆனாலும் ஏராளமானோர் பதியவில்லை. அவர்களை அறியாமைக்காரர்கள் என்று ஒதுக்குவது பின்னால் வந்தவர்களுக்கு வசதியான விளக்கம். இரண்டு காசு சேர்த்ததும் ஊருக்குப் போய்விடலாம் என்று நம்பியவர்கள் உண்டு. இங்கே பதிந்தால் அங்கே காணி நிலத்தில் பங்கு போய்விடுமோ என்று பயந்தவர்கள் உண்டு. பிறப்புக்குச் சாட்சியாகத் தோட்டத்து மருத்துவச்சியைத் தவிர யாரும் இல்லாதவர்கள் உண்டு. சிவப்பு ஐ.சி. இருந்தால் வேலை செய்யலாம், லயத்தில் இருக்கலாம். அன்றைய வாழ்க்கைக்கு அது போதும். நாளைக்கு அதே அட்டைக்கு வேறு மதிப்பு வரும் என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பிறந்த மண்ணுக்குத் தானாகக் குடியுரிமை தரும் விதியும் நீடிக்கவில்லை. 1962-இல் அதைத் திருத்தினார்கள். அதற்குப் பின் பிறந்த குழந்தைக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும்.

அடி விழுந்தது 1969-இல். முந்தைய ஆண்டில் இயற்றிய வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடிமகன் அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். மே 13 இனக் கலவரத்துக்குப் பின் அதைக் கறாராகப் பார்த்தார்கள். சிவப்பு ஐ.சி.யும் இதில் தப்பவில்லை. நேற்றுவரை வெட்டிய அதே நிரையில் இன்று மரம் வெட்ட அனுமதிச் சீட்டு! குடிமகன் ஒருவர் அந்த வேலைக்கு இருந்தால் பெர்மிட் புதுப்பிப்பது நிச்சயமில்லை. சட்டத்தைத் தொடர்ந்து தாயகம் திரும்பிய இந்தியர்கள் 60,000 பேர் வரை என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. ‘ரஜூலா’ இப்போது எதிர்த்திசையில் நிரம்பிப் போனது. நீல அட்டை கிடைத்த பிள்ளை இங்கே, கிடைக்காத தகப்பன் அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது, சிரிக்கத்தான் முடியாது. பதினைந்து வருடம் கழித்து, 1984-இல், தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை என்று சொல்லி மலேசியா இந்தோனேசியாவுடன் மேடான் உடன்பாடு செய்துகொண்டது. வேலை தெரிந்தவர்களை அனுப்பிவிட்டு, வேலை பழக வேண்டியவர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கதை இது.

குடிநுழைவுச் சட்டத்தை மட்டும் படிப்பவர் கண்ணில் படாத ஒரு தேதி உண்டு: 1982 மார்ச் 1. திருமணம், மணவிலக்குச் சட்டம் நடப்புக்கு வந்த நாள். அதுவரை கோயிலில் தாலி கட்டினால் அது கல்யாணம். அன்றிலிருந்து பதிவு செய்தால்தான் சட்டம் ஏற்கும். நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம்தான், பெண்களுக்குப் பாதுகாப்பு தந்தது. ஆனால் தோட்டப்புறத்தில் அம்மன் கோயில் கல்யாணம் அப்படியேதான் தொடர்ந்தது. பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை, அரசியலமைப்பின் பார்வையில் தாயைச் சார்ந்தது. தகப்பனிடம் நீல ஐ.சி. இருந்தாலும் பயனில்லை. தாய்க்கு அட்டையே இல்லையென்றால் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வாசலில் தொடங்கும் தொல்லை, அடுத்த தலைமுறைக்கும் போகும். எல்லை தாண்டாதவர்கள் மேல் எல்லைச் சட்டம் பாய்ந்தது இப்படித்தான்.

தோட்டங்களும் நிலைக்கவில்லை. முதல் உலகப்போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டத்தின் நிலத்தில் 1995 முதல் எழுந்ததுதான் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா. அங்கே இருந்த தொழிலாளர் குடும்பங்களை டிங்கிலுக்குப் பெயர்த்தார்கள். இன்று தேசியப் பதிவிலாகாவின் தலைமையகமும் குடிநுழைவுத் துறையின் தலைமையகமும் அதே நகரத்தில் இருக்கின்றன.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் கதை சற்று வேறு. செங்கல் சூளைகளாலும் ரயில்வே குவாட்டர்ஸாலும் உருவான பேட்டை அது. 2010 அக்டோபரில் அன்றைய பிரதமர்கள் இந்தியாவின் மன்மோகன் சிங்கும் மலேசியாவின் நஜிப்பும் சேர்ந்து ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்தார்கள். அந்தத் தெருவின் உணவகங்களிலும் நகைக்கடைகளிலும் நிற்கும் தமிழ்நாட்டு இளைஞன் சட்டத்தின் இன்னொரு முகத்தைப் பார்க்கிறவன். அவன் கையில் ஐ.சி. இல்லை, பெர்மிட். அது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது, ஒரு முதலாளியோடு கட்டுண்டது. கடை மாறினால் அனுமதியை மீறியவன். முதலாளி புதுப்பிக்காமல் விட்டாலும் மாட்டிக்கொள்பவன் அவன்தான். 2002-இல் திருத்திய சட்டப்படி, அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை உண்டு. ஒரு கையால் இப்படி அடித்துக்கொண்டே மறு கையால் சேர்த்துக்கொள்ளும் திட்டங்களும் வரும்: 2011-இல் ‘6பி’, 2016-இல் மறுவேலைத் திட்டம், 2020-லும் 2023-லும் ‘ரெகாலிபிராசி’. பெயர்தான் மாறுகிறது. ஆட்கள் சட்டத்துக்குள் வருவதும், ஒரு முதலாளியை இழந்து வெளியே போவதும் மாறவில்லை.

முடிதிருத்தும் கடை, பொற்கொல்லர் பட்டறை, துணிக்கடை ஆகிய மூன்றுக்கும் 2009 முதல் புதிய வெளிநாட்டு ஆட்களை எடுக்கத் தடை. உள்ளூர் இளைஞர்கள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. கடைகள் கதவை மூடின. 2023-இல்தான் 7,500 பேருக்கு இடம் தரலாம் என்று அமைச்சரவை இசைந்ததாக அறிவிப்பு வந்தது. பதினான்கு ஆண்டு என்பது ஒரு முடிதிருத்துநரின் தொழில் வாழ்வில் பாதி.

2007 நவம்பர் 25-இல் ஹிண்ட்ராப் இயக்கத்தின் பேரணி கோலாலம்பூர்த் தெருக்களை நிறைத்த பிறகுதான் ஆவணமில்லாத இந்தியர் பிரச்சினை அரசியல் பேச்சில் இடம்பிடித்தது. 2011-இல் ‘மைடாப்தார்’ என்ற பதிவு இயக்கம், 2017-இல் அதன் பெரிய வடிவம், 2018-இல் அந்த 3,407 பேர். நல்ல வேலைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தேர்தலை ஒட்டி வந்த சலுகையாக இருந்ததே தவிர, விதியாக மாறவில்லை.

விதி மாறியது வேறு விதமாக. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாயும் தகப்பனைப் போலவே குடியுரிமை தரலாம் என்பது 2024 அக்டோபர் 17-இல் மக்களவை 206 வாக்குகளோடு நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தின் நல்ல பாதி. தாய்மார்கள் நீதிமன்றம் வரை போராடிப் பெற்றது. அதே மசோதா, 1962 முதல் நிலைத்திருந்த ‘நிரந்தரவாசி’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. சட்டம் நடப்புக்கு வந்த பின் சிவப்பு ஐ.சி. பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தை தானாகக் குடிமகன் ஆகாது. விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கண்டெடுத்த குழந்தைகளைத் தொடும் பிரிவை எதிர்ப்புக்குப் பயந்து கைவிட்ட அரசாங்கம், இதை மட்டும் விடவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டப் பிள்ளைகள் நீல அட்டைக்கு ஏறிவந்த ஏணி அது. அதை உருவியது தவறு.

சட்டம் நடப்புக்கு வருமுன் பிறந்தவர்களை இது தொடாது என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. ஆகவே கிள்ளானிலோ கேரித் தீவிலோ பந்திங்கிலோ சிவப்பு ஐ.சி. உள்ள வீட்டார் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் குடியுரிமை நிலை என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கல்யாணம் நிச்சயமான வீட்டில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போதே பதிவையும் முடியுங்கள். குழந்தை பிறந்த பின் செய்யும் பதிவு பல நேரம் உதவுவதில்லை.