பாய்மரப் படகில் கம்பியில்லாப் பேச்சு

பாய்மரப் படகில் பணிபுரிவோர் தமக்குள்ளும், பிற படகுகளோடும், கரையோடும் பேசிக்கொண்ட முறை கடற்பயண வரலாற்றில் அதிகம் எழுதப்படாத ஒரு பகுதியாகும். சுக்கான் பிடிப்பவர் படகின் பின்முனையில் இருப்பார்; நங்கூரத்தையோ முன்பாயையோ கவனிப்பவர் முன்முனையில் நிற்பார். இடைவெளி பத்துப் பதினைந்து மீட்டர்தான். ஆனால் பாய் படபடக்கும்போது ஒருவர் சொல் மற்றவர் காதுக்கு எட்டாது. தவறாகக் கேட்ட ஒரு சொல்லால் கயிற்றில் கை சிக்கலாம். ஆள் கடலில் விழலாம். அண்மைக் காலத்தில் பாய்மரப் படகோட்டிகள் சிலர் தாமே செய்துகொள்ளும் கம்பியில்லாத் தலையணிக் கருவிகள் இந்தப் பழைய சிக்கலுக்குத் தீர்வாக வந்தவையே.

வயர்லெசுக்கு முன்

கரை, கடலோடு பேசிய பழைய வழி விளக்கு. மாடத்தின் உச்சியில் எரிந்து கலங்களை அழைத்த விளக்கைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. ஆனால் இது ஒருவழிப் பேச்சு. கலத்தில் இருப்பவர் தம் நிலையைக் கரைக்குச் சொல்ல வழியில்லை. படகுகளுக்கு இடையே கையசைவு, துணி வீசுதல், சீழ்க்கை, இரவில் தீப்பந்தம் ஆகியவை பயன்பட்டன. தூத்துக்குடித் தோணிகளில் தண்டலின் குரலே கட்டளை. வாடை, கொண்டல், கச்சான் என்று ஒற்றைச் சொல்லில் காற்றின் திசையைச் சொல்லிவிட முடிந்தது. இவை யாவும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவுக்கே உரியவை.

கடலுக்கு வந்த வயர்லெஸ்

1897 மே 13 அன்று மார்க்கோனியின் குழு பிரிஸ்டல் கால்வாயில் திறந்த நீர்ப்பரப்பின் மேல் முதல் கம்பியில்லாச் செய்தியை அனுப்பியது. அது பேச்சு அன்று, மோர்ஸ் குறி. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது எழுநூறுக்கும் மேற்பட்டோர் பிழைத்ததற்கு, கார்பேத்தியா கப்பலுக்கு எட்டிய வயர்லெஸ் செய்தியே காரணம்.

தமிழர் நன்கறிந்த எம்டன் கப்பலின் முடிவிலும் வயர்லெசுக்குப் பங்குண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய அந்த ஜெர்மானியக் கப்பல், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றது. நிலையத்தார் அதற்குள் வயர்லெசில் உதவி கேட்டுவிட்டனர். செய்தி கேட்டு வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, எம்டனைச் சிதைத்தது. கரையில் இறங்கியிருந்த ஜெர்மானிய வீரர்கள் ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிச் சுமத்திராவுக்குத் தப்பினர். பேசிய நிலையம் ஒரு போர்க்கப்பலை வீழ்த்தியது. சத்தமில்லாத பாய்மரக் கப்பல் பிடிபடாமல் போனது. வயர்லெஸ் இருப்பதும் இல்லாததும் கடலில் எத்தனை வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வீட்டில் செய்த கருவிகள்

1924 மே 16 அன்று சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னை மாகாண ரேடியோ சங்கத்தைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று அதன் 40 வாட் பரப்பி ஒலிக்கத் தொடங்கியது. அக்காலத்தில் எளிய ஏற்பி ஒரு படிகம், ஒரு கம்பிச்சுருள், ஒரு காதுக்கருவி ஆகியவற்றால் ஆனது. அதற்கு மின்கலம் வேண்டாம். ஆனால் ஒலி மிக மெல்லியது என்பதால் காதுக்கருவி இன்றிக் கேட்க இயலாது. ஆர்வலர்கள் இதை வீட்டிலேயே செய்துகொண்டனர். 1927இல் பணமின்றிச் சங்கம் நின்றது. அதன் பரப்பியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது.

கேட்பதோடு நில்லாமல் அலைபரப்பவும் விரும்பியவருக்குச் சட்டம் எல்லை வகுத்தது. 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, உரிமமின்றி வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றம். தேர்வு எழுதி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் மட்டுமே தாம் செய்த கருவியில் பேச முடிந்தது. 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என அரசு விலக்களித்தது. புளூடூத் இயங்குவது இந்த அலைவரிசையில்தான்.

தலையணிக் கருவி இயங்கும் விதம்

மீன்பிடிப் படகுகளில் உள்ள விஎச்எஃப் கருவியில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். பொத்தானை விட்ட பிறகே மறுமொழி கேட்கும். தலையணிக் கருவியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்துக்கான பேச்சுக்கருவியைத் தொப்பியில் பொருத்திக்கொள்வது இதன் எளிய வடிவம். வாயருகே உள்ள ஒலிவாங்கியைப் பஞ்சுறையால் மூடாவிட்டால் காற்றின் இரைச்சலே கேட்கும். ஒரு காதைத் திறந்து வைக்க வேண்டும். காற்று மாறுவதையும் கயிறு உராய்வதையும் படகோட்டி காதால் அறிகிறார். உப்பு நீர் செப்பு இணைப்புகளை விரைவில் அரிக்கும் என்பதால் அவற்றைச் சிலிகான் பசையால் மூடுவர். மனித உடலும் நீரும் இந்த அலைகளை உறிஞ்சும். எனவே கடலில் விழுந்தவரோடு இக்கருவியால் பேச இயலாது.

எட்டாத தொலைவு

விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும். இரு படகுகளிலும் அலைக்கம்பி 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், பேச்சு எட்டுவது சுமார் 16 கிலோமீட்டர்தான். இந்தக் கணக்கின் விலையை 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரி அருகே உருவான ஒக்கி புயல் காட்டியது. தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர் பலர் அதற்குப் பல நாள் முன்பே கடலுக்குச் சென்றுவிட்டனர். கரையிலிருந்து எச்சரிக்கை எட்டும் தொலைவில் அவர்கள் இல்லை. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர்.

அதன்பின் செயற்கைக்கோள் வழி இருவழிச் செய்திக் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கின. 2015இல் ஏவப்பட்ட ஜிசாட்-6 செயற்கைக்கோளில் 6 மீட்டர் விட்டமுள்ள விரியும் அலைவாங்கி உண்டு. மேலே உள்ளது பெரிதாக இருப்பதால், படகில் சிறிய கருவியே போதும். அக்கருவி மீனவரின் கைப்பேசியோடு புளூடூத்தால் இணைகிறது. 2024 ஆகஸ்டில் 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் ஒரு லட்சம் படகுகளுக்கு இத்தகைய கருவி பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது.

ஆகவே கடலில் பேச்சுக்கு மூன்று தொலைவுகள் உண்டு. படகுக்குள் தலையணிக் கருவி, படகுக்குப் படகு விஎச்எஃப், அடிவானத்துக்கு அப்பால் செயற்கைக்கோள். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. வீட்டில் செய்யக்கூடியது முதலாவது மட்டுமே. மற்ற இரண்டையும் கையிலெடுக்காமல் கரையை விட்டுச் செல்லலாகாது. மின்கலம் தீர்ந்தால் மிஞ்சுவது கையசைவே. அதனால் படகில் ஏறும் புதியவருக்கு முதலில் கற்பிக்க வேண்டியதும் அதுவே.