பூந்தமல்லி வீட்டு வரி விவரம் எங்கே இருக்கு? நகராட்சி சர்வர் முடங்கினால் உங்களுக்கு என்ன ஆகும்?

குமணன்சாவடியில் ஒரு வீடு. அக்டோபர் 31-க்குள் அரையாண்டு சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். கடைசி நாள் இரவு போனை எடுத்தால் இணையதளமே திறக்கவில்லை. சாதாரண கோளாறு என்றால் மறுநாள் சரியாகிவிடும். சர்வரையே யாராவது பூட்டிவிட்டால்?

பூந்தமல்லிக்குத் தனி இணையதளமா?

இல்லை. சென்னை தவிர்த்த மாநகராட்சிகள், நகராட்சிகளின் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் 'டிஎன் அர்பன் இ-பே' என்ற ஒரே தளத்தில்தான் கட்டப்படுகின்றன. ஆவடிக்கும் அதுதான், பூந்தமல்லிக்கும் அதுதான். சின்ன நகராட்சி ஒவ்வொன்றும் தனித்தனியாக சைபர் நிபுணர்களை வேலைக்கு வைப்பது நடக்கிற காரியமா? அந்த வகையில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு பூட்டு உடைந்தால் எல்லா வீடும் திறந்துகொள்ளும்.

சுவீடனில் என்ன நடந்தது?

2021 டிசம்பரில் கலிக்ஸ் என்ற உள்ளாட்சியை ரான்சம்வேர் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ் இது. பூந்தமல்லியைவிடச் சிறிய ஊர். வீட்டிலிருக்கும் முதியோரைக் கவனிக்கும் ஊழியர்கள்கூட பேனா, பேப்பருக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில் நடந்தது இன்னும் பெரிது. ஹேக்கர்கள் எந்த நகராட்சி வாசலையும் தட்டவில்லை. ஊழியர்களின் மருத்துவச் சான்று, பணியிட விபத்து விவரங்களைக் கையாளும் மில்யோடாட்டா என்ற தனியார் நிறுவனத்துக்குள் புகுந்தார்கள். அந்த நாட்டின் 290 உள்ளாட்சிகளில் சுமார் 200 ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டன. கேட்ட தொகை 1.5 பிட்காயின். பிறகு லட்சக்கணக்கானோரின் விவரங்கள் டார்க் வெப்பில் வந்தன.

இங்கே நடந்ததில்லையா?

நடந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் புனே அருகே பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சியின் ஸ்மார்ட் சிட்டி திட்ட சர்வர்கள் 27 ரான்சம்வேரில் சிக்கின. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறை கணினிகள் பூட்டப்பட்டு, 1,950 டாலர் கிரிப்டோவில் கேட்கப்பட்டது. தலைமைச் செயலகத்திடம் கேட்ட தொகை இவ்வளவுதான் பாருங்க!

நம்மிடம் சொல்வார்களா?

ஹேக் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. அது அரசுக்குச் சொல்வது. விவரம் கசிந்த நபருக்கே சொல்ல வேண்டும் என்கிறது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. தகவல் சொல்லும் கட்டாயம் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். இதுதான் இப்போதைய பெரிய ஓட்டை.

நீங்கள் என்ன செய்யலாம்?

வரி கட்டியதும் ரசீதை டவுன்லோடு செய்து ஒரு பிரின்ட் எடுத்து வையுங்கள். சர்வரில் பதிவு அழிந்தால் 'கட்டிட்டேன்' என்று காட்ட அந்தத் தாள்தான் ஆதாரம். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களுக்கும் இதேதான். 'வரி பாக்கி, உடனே கட்டுங்க' என்று வரும் எஸ்.எம்.எஸ். லிங்கைத் தொடாதீர்கள். முகவரி '.டிஎன்.ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என ஆங்கில எழுத்துகளைப் பார்த்து, நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.