படுகோணச் சராசரி – வாயுக்களின் இயக்கவியற் கொள்கை

வாயு மூலக்கூறுகள் கொள்கலத்தின் சுவரை எல்லாத் திசைகளிலிருந்தும் தாக்குகின்றன. சுவருக்குச் செங்குத்தான கோட்டுடன் மூலக்கூறின் பாதை அமைக்கும் கோணம் படுகோணம் எனப்படும். வாயுவின் அழுத்தம், சிறுதுளை வழியே வெளியேறும் அளவு, பரப்பில் ஆவி படியும் வேகம் ஆகியவற்றைக் கணிக்க இக்கோணங்கள் அனைத்துக்கும் சராசரி காண வேண்டும். எதற்குச் சராசரி, எந்தக் கூட்டத்தில் சராசரி என்பதைப் பொறுத்து விடை மாறும். சுவரை நோக்கி வந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகளை எண்ணினால் கோணத்தின் சராசரி ஒரு ரேடியன், அதாவது ஏறத்தாழ 57.3 பாகை. ஒரு நொடியில் சுவரில் உண்மையிலேயே மோதியவற்றை மட்டும் எண்ணினால் சரியாக 45 பாகை. சாய்ந்து வருபவை சுவரை மெல்ல நெருங்குவதால் மோதியவற்றின் கணக்கில் அவற்றின் பங்கு குறைகிறது.

டேனியல் பெர்னௌலி 1738இல் வெளியிட்ட ‘ஹைட்ரோடைனமிக்கா’ நூலில், வாயுத் துகள்களின் மோதல் ஓர் உந்துதண்டைத் தாங்கி நிற்பதாகக் காட்டி, அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்றார். கோணங்களை அவர் தனியே கணக்கிடவில்லை. அடுத்த எண்பது ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க வளர்ச்சி எதுவும் இல்லை. ஜான் ஹெராபாத் 1820 வாக்கில் இக்கருத்தை மீட்டெடுத்தார். ஜூல் 1848இல் மூலக்கூறுகளை மூன்று செங்குத்துத் திசைகளுக்குச் சமமாகப் பகிர்ந்து ஹைட்ரஜனின் வேகத்தைக் கணித்தார். பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கு ஆசிரியராக இருந்த ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் 1845இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு விரிவான கட்டுரை அனுப்பினார். அது மறுக்கப்பட்டுக் காப்பகத்தில் கிடந்தது. 1891இல் ரேலி பிரபு அதைக் கண்டெடுத்து, மறு ஆண்டு அச்சேற்றினார். வாட்டர்ஸ்டன் 1883இலேயே மறைந்துவிட்டார்.

பெர்லினைச் சேர்ந்த ஆகஸ்ட் குரோனிக் 1856இல் வெளியிட்ட சிறு கட்டுரையும் மூன்று திசை மாதிரியையே பின்பற்றியது. வாட்டர்ஸ்டன் 1851இல் வெளியிட்ட சுருக்கம் அவர் பார்வையில் பட்டிருக்கக்கூடும் எனச் சில வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர், இது முடிவாகவில்லை.

எல்லாக் கோணங்களையும் முறையாகக் கணக்கில் கொண்டவர் என ருடால்ஃப் கிளாசியஸ் பொதுவாகக் குறிக்கப்படுகிறார். அப்போது சூரிச்சில் பேராசிரியராக இருந்த அவர், வெப்பம் என்னும் இயக்கத்தின் தன்மை பற்றிய தம் கட்டுரையை 1857இல் ‘அன்னாலன் டெர் ஃபிசிக்’ இதழில் வெளியிட்டார். இக்கருத்துகள் பல ஆண்டுகளுக்கு முன்பே தம்மிடம் உருவாகியிருந்தன என்றும், குரோனிக்கின் கட்டுரையே தம்மை எழுதத் தூண்டியது என்றும் அதில் அவரே கூறுகிறார்.

கிளாசியஸின் வழி எளிமையானது. பரந்த இரு சுவர்கள் இணையாக, மிக நெருக்கமாக நிற்கின்றன. ஓரச் சுவர்களைப் புறக்கணிக்கலாம். நடுவே ஒரு மூலக்கூறு இரு சுவர்களிலும் மாறி மாறி மோதுகிறது. சாய்வு கூடினால் அது கடக்கும் பாதை நீள்கிறது. மோதல்களின் எண்ணிக்கை கோணத்தின் கோசைனுக்கு ஏற்பக் குறைகிறது. ஒவ்வொரு மோதலிலும் சுவர் பெறும் உந்தமும் அதே கோசைனுக்கு ஏற்பக் குறைகிறது. ஆக, கோசைன் இருமுறை வந்து இருமடியாகிறது. இனி, திசைகளை ஓர் அரைக்கோளத்தின் மேல் புள்ளிகளாகக் கொள்க. உச்சியை ஒட்டிய வளையம் குறுகியது, அடிவிளிம்பை ஒட்டிய வளையம் அகன்றது. ஆகவே ஒவ்வொரு கோணத்துக்கும் உரிய மூலக்கூறுகளின் பங்கு அதன் சைனைப் பொறுத்தது. இந்தப் பங்கீட்டில் கோசைன் இருமடியின் சராசரி மூன்றில் ஒன்று. வாயு அழுத்தச் சமன்பாட்டில் இன்றும் நிற்கும் மூன்றில் ஒன்று இதுவே. கோசைனுக்கு முதலில் சராசரி கண்டு பிறகு இருமடியாக்கினால் நான்கில் ஒன்று வரும். அழுத்தம் கால் பங்கு குறைந்துவிடும். தொடக்க நிலை மாணவர்கள் இன்றும் இடறும் இடம் இது.

தனித்த ஒரு மூலக்கூறு வந்த கோணத்திலேயே திரும்பும் என்று கிளாசியஸ் வலியுறுத்தவில்லை. சராசரியில் அப்படிக் கொள்ளலாம் என்றார். இக்கணக்கின்படி பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் ஆக்சிஜனுக்கு 461, நைட்ரஜனுக்கு 492, ஹைட்ரஜனுக்கு 1844 மீட்டர் என நொடிக்குரிய வேகங்களை அவர் தந்தார்.

மூன்று திசை மாதிரியும் அழுத்தத்துக்கு இதே மூன்றில் ஒன்றைத் தருகிறது. செங்குத்தான மூன்று திசைகளுக்குரிய கோசைன் இருமடிகளின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்று என்பதே காரணம். விடை சரியாக வந்ததால் மாதிரியின் குறை வெளியே தெரியவில்லை. மோதல்களின் எண்ணிக்கையைக் கேட்டால்தான் அது வெளிப்படும்: எண்ணடர்த்தி, வேகம் ஆகியவற்றின் பெருக்கலில் ஆறில் ஒரு பங்கு என்கிறது மூன்று திசை மாதிரி, நான்கில் ஒரு பங்கு என்பதே சரி.

மேக்ஸ்வெல் 1860இல் வெளியிட்ட கட்டுரையில் கோணங்களை விட்டு, மூன்று திசைவேகக் கூறுகளின் பரவலிலிருந்து தொடங்கினார். சராசரி மோதலிடைத் தூரத்துக்குரிய எண்காரணி குறித்து இருவரும் வேறுபட்டனர். கிளாசியஸ் எல்லா மூலக்கூறுகளுக்கும் ஒரே வேகம் எனக் கொண்டு 0.75 என்றார், மேக்ஸ்வெல்லின் வேகப் பரவலில் அது சுமார் 0.707. அவரவர் எடுகோளுக்குள் இரண்டும் சரியே.

சுவரை விட்டு மூலக்கூறு எவ்வாறு திரும்புகிறது என்ற கேள்வி பின்னரே எழுந்தது. சுவர் ஒரு பங்கை உள்வாங்கி உமிழ்கிறது, எஞ்சியதைக் கண்ணாடிபோல் திருப்புகிறது என்று 1879இல் மேக்ஸ்வெல் கொண்டார். கோபன்ஹேகனின் மார்ட்டின் நுட்சென் 1909 முதல் செய்த ஆய்வுகளில், வந்த திசை எதுவாயினும் திரும்பும் மூலக்கூறுகள் கோசைன் விதிப்படியே பரவும், அதாவது ஒரு திசையில் செல்பவற்றின் அளவு செங்குத்துடன் அத்திசை அமைக்கும் கோணத்தின் கோசைனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்றார். ஒளிக்கு லாம்பர்ட் 1760இல் சொன்ன விதியின் வடிவம் இது. நுட்செனின் சோதனை அழகானது: கண்ணாடிக் கோளத்தின் உட்சுவரில் ஒரு சிறு பகுதியில் பட்டுத் திரும்பும் பாதரச ஆவி, குளிர்விக்கப்பட்ட எஞ்சிய உட்பரப்பில் எங்கும் ஒரே தடிப்பாகப் படிய வேண்டும். கோசைன் விதிப்படி பரவினால்தான் கோளத்தில் இது நிகழும். படிவு அவ்வாறே அமைந்தது.

எந்தக் கூட்டத்தில் சராசரி என்ற கேள்வி வேகத்துக்கும் பொருந்தும். துளை வழியே வெளிவருபவற்றில் வேகமானவற்றின் பங்கு கூடுதல் என்பதை ஐன்ஸ்டைன் சுட்டிக்காட்டியதால், ஓட்டோ ஸ்டெர்ன் 1920இல் தம் வெள்ளி அணுக்கற்றைச் சோதனையின் கணக்கைத் திருத்தினார்.

கோசைன் விதி எல்லாப் பரப்புகளுக்கும் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. சில உலோகங்களிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன், செங்குத்துத் திசையில் கூடுதலாகக் குவிவதை 1968இல் வான் வில்லிகன் அளந்தார். தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்கள் மீதான காற்றுத்தடையைக் கணிப்பதிலும் திரும்பு கோணப் பரவல் பற்றிய எடுகோள்கள் வேறுபடுகின்றன. வெற்றிடத்தில் மெல்லிய படலம் படிய வைப்போர் தடிப்பை மதிப்பிட முதலில் எடுப்பது நுட்செனின் விதியையே.